புதுவைக் கடற்கரை: காற்று வாங்கக் காசு வேண்டாம்

சனிக்கிழமை மாலை ஆகிவிட்டால் போதும். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஓசூர் சாலையின் ஓரமெல்லாம் கையில் பையோடு நிற்பவர்கள்தான். தர்மபுரி, சேலம், திருவண்ணாமலை என்று ஊர்ப் பெயரைக் கூவிக்கொண்டு வரும் பஸ்களில் ஏறிப் போய்விடுவார்கள். திங்கட்கிழமை காலையில் அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோற்று வாசனையோடு திரும்பி வருவார்கள்.

பக்கத்து ஜில்லாக்காரர்கள் பாடு சரி. திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்திருப்பவர்களின் கதி என்ன? ஒருநாள் விடுமுறையில் ஊருக்குப் போய்த் திரும்ப முடியாது. அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் துணி துவைக்கிற நாள். துவைத்துக் காயப்போட்டு, தூங்கி எழுந்து, டீக்கடை வரை போய் வந்தால் பொழுது சாய்ந்துவிடும். பொம்மசந்திராவிலும் ஜிகனியிலும் எத்தனையோ அறைகளில் இதுதான் வாரா வாரம் நடக்கிறது.

1978-ஆம் ஆண்டில் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் கோனப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் கிராமங்களில் 332 ஏக்கர் நிலத்தில் இந்த நகரைத் தொடங்கியது. இன்று இங்கே எல்லாம் இருக்கின்றன. மேம்பாலச் சாலை 2010-இல் வந்தது. 2025 ஆகஸ்டு மாதம் மெட்ரோ ரயிலும் வந்துவிட்டது. சாயங்காலம் ஒருவர் செலவில்லாமல் காலாறக் கை வீசி நடக்கத்தான் இடம் குறைவு. கடைக்குள் போனால் பணம். கடைக்கு வெளியே நின்றால் புகை.

இப்படிப்பட்டவர்கள் ஒருமுறை புதுச்சேரிக்குப் போய் வரலாம். ஏறத்தாழ 300 கிலோமீட்டர். இரவு பஸ் ஏறினால் விடியற்காலையில் கடல் ஊரில் இறங்கிவிடலாம்.

வழியிலேயே ஒரு கோட்டை

பெங்களூரிலிருந்து புதுச்சேரிக்குக் கர்நாடகம், தமிழ்நாடு, புதுச்சேரி ஆகிய மூன்று அரசுகளின் பஸ்களும் ஓடுகின்றன. தனியார் பஸ்களும் உண்டு. ஓசூர், கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் என்பது பழக்கமான வழி.

திருவண்ணாமலை வழியாகப் போவதால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பௌர்ணமி இரவில் கிரிவலக் கூட்டத்தில் பஸ் மாட்டிக்கொள்ளும். உட்கார இடம் கிடைப்பதும் கஷ்டம். ஆனால் புதுவைக் கடற்கரையைப் பார்க்கப் பௌர்ணமியைப் போல நல்ல நாள் வேறில்லை. கீழைக் கடல் ஆதலால் சூரியன் நமக்கு முதுகுப் பக்கம், ஊருக்குள் மறைகிறது. நிலா கடலிலிருந்து எழுகிறது. பௌர்ணமிக்கு ஒருநாள் பின்னால் போகிறவர், கூட்டத்திலும் சிக்காமல் நிலாவையும் இழக்காமல் வரலாம்.

பகலில் போகிறவர்களுக்குச் செஞ்சியில் சாலைக்கு அருகிலேயே கோட்டை மலைகள் தெரியும். பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி 1750-இல் இந்தக் கோட்டையைப் பிடித்தார். 1761-இல் அது ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. இடையில் செஞ்சியின் கருங்கல் தூண்கள் சில புதுச்சேரிக்குப் பயணம் போயின என்பார்கள். அந்தத் தூண்களை மாலையில் கடற்கரையில் பார்க்கலாம். புஸ்ஸியின் பெயரில் ஒரு வீதியும் ஊருக்குள் இருக்கிறது. அதற்கு லால்பகதூர் சாஸ்திரி வீதி என்று பெயர் மாற்றியும், ஊர்க்காரர்கள் வாயில் அது புஸ்ஸி வீதிதான்.

ரயிலை விரும்புகிறவர்கள் விழுப்புரம் போய் மாறலாம். விழுப்புரம் - புதுச்சேரிப் பாதை 1879-இல் போடப்பட்டது. புதுச்சேரி ஸ்டேஷனில் இறங்கினால் பொடிநடையாகவே கடற்கரைக்குப் போய்விடலாம். பஸ் நிலையத்தில் இறங்குகிறவர்கள் ஷேர் ஆட்டோ பிடிப்பது நல்லது.

வாய்க்காலுக்கு இக்கரை, அக்கரை

பகலில் வெயில் கடுமை. நாலு மணிக்குப் புறப்பட்டால் போதும். முதலில் வாய்க்கால்.

வடக்கு தெற்காக ஓடும் ஒரு வாய்க்கால் பழைய ஊரை இரண்டாகப் பிரிக்கிறது. ஊர்க்காரர்கள் அதைப் பெரிய வாய்க்கால் என்பார்கள். அதற்குக் கிழக்கே, கடலை ஒட்டி இருந்தது வெள்ளையர் ஊர்; மேற்கே தமிழர் ஊர். பிரெஞ்சுக்காரர்கள் பக்கத்தை இன்றும் ஒயிட் டவுன் என்றே சொல்கிறார்கள். தமிழர்கள் பக்கத்தை அந்தக் காலத்தில் கறுப்பர் நகரம் என்றார்கள்.

1674-இல் பிரான்சுவா மார்த்தேன் இங்கே பிரெஞ்சுக் கம்பெனியின் கடையை விரித்தார். 1693-இல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்து ஆறு ஆண்டுகள் வைத்திருந்தார்கள். வீதிகள் நூல் பிடித்தாற்போல நேராக ஓடுவதற்கு அவர்கள் போட்ட திட்டமும் ஒரு காரணம். 1761-இல் ஆங்கிலேயர்கள் ஊரைப் பிடித்து இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இன்று ஒயிட் டவுனில் நாம் பார்க்கும் வீடுகள் பெரும்பாலும் அதற்குப் பின் எழுந்தவை.

இரண்டு கரைகளிலும் வீடு கட்டிய விதமே வேறு. தமிழர் வீதியில் வீட்டுக்கு வெளியே தாழ்வாரம், அதை ஒட்டித் திண்ணை. வழிப்போக்கர் உட்கார்ந்து இளைப்பாறலாம். பிரெஞ்சு வீதியில் உயர்ந்த மதில், பெரிய கதவு, தோட்டம் உள்ளே. தெருவில் போகிறவருக்குத் தெரிவது மஞ்சள் சுவரும், மதிலைத் தாண்டி எட்டிப் பார்க்கும் காகிதப்பூவும்தான். ஒன்று ஊரைப் பார்த்துத் திறந்த வீடு. மற்றொன்று தனக்குள் திரும்பிக்கொண்ட வீடு. அக்கரையில் இந்தச் சுவர்களுக்கு முன்னால் நின்று படம் எடுக்க இன்று கூட்டம் நெரிகிறது. சனி ஞாயிறுகளில் இங்கே நிற்கும் கார்களில் கர்நாடக எண் தாங்கியவை ஏராளம்.

தமிழர் பக்கத்தையும் பார்க்காமல் வரக்கூடாது. ஈசுவரன் தருமராஜா கோவில் வீதியில் பாரதியார் குடியிருந்த வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. 1908 முதல் 1918 வரை பத்தாண்டுகள் அவர் இந்த ஊரில் அடைக்கலம் புகுந்திருந்தார். பிழைக்க வந்த ஊரிலும் ஒருவன் தன் பெரிய வேலையைச் செய்ய முடியும் என்பதற்கு வேறு உதாரணம் தேடவேண்டியதில்லை. பெருமாள் கோவில் வீதியில் பாரதிதாசன் வீடு. அவர் 1891-இல் பிறந்ததும் புதுவையில்தான்.

தாசியின் தண்ணீர்

வாய்க்காலைத் தாண்டிக் கடலை நோக்கி நடந்தால் வழியில் பாரதி பூங்கா. மரநிழலில் குடும்பத்தோடு உட்கார நல்ல இடம். நடுவில் வெள்ளை வெளேரென்று நிற்பது ஆயி மண்டபம். புதுச்சேரி அரசின் சின்னத்தில் இருப்பதும் இதுவே.

ஆயி என்பவள் ஒரு தாசி என்கிறது கர்ண பரம்பரைக் கதை. ஓர் இரவு அவ்வழியே வந்த கிருஷ்ணதேவராயர், தூரத்தில் விளக்குகளோடு ஜொலித்த அவள் மாளிகையைக் கோவில் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டார். உண்மை தெரிந்ததும் கோபம். இடித்துத் தள்ளுங்கள் என்று கட்டளையிட்டார். ஆயி தவணை கேட்டாள். தன் வீட்டைத் தானே இடித்து, அந்த இடத்தில் ஊருக்கு ஒரு குளம் வெட்டிவைத்தாள்.

பல நூறு ஆண்டுகள் கழித்து, மூன்றாம் நெப்போலியன் காலத்தில், குடிதண்ணீருக்குத் தவித்த வெள்ளையர் ஊருக்கு முத்திரையர்பாளையத்திலிருந்து தண்ணீர் வந்தது. அதன் நினைவாகக் கட்டிய மண்டபத்துக்கு அவள் பெயர். எதிரே கவர்னர் மாளிகை இருக்கிறது. கவர்னர்கள் வந்தார்கள், போனார்கள். சின்னத்தில் நின்றவள் ஆயி.

பூங்காவுக்கு அருகிலேயே மணக்குள விநாயகர் கோவில். வாசலில் நின்று எல்லோர் தலையிலும் தும்பிக்கை வைத்து ஆசீர்வதித்த யானை லட்சுமி 2022 நவம்பர் 30 அன்று இறந்துவிட்டது. குழந்தைகளிடம் யானையைக் காட்டுவதாகச் சொல்லி அழைத்துப் போகவேண்டாம். பக்கத்தில் அரவிந்தர் ஆசிரமம். 1910-இல் புதுவைக்கு வந்த அரவிந்தரின் சமாதி இங்கே உள்ளது. உள்ளே பேசக்கூடாது. ஷிப்டு முழுவதும் யந்திரச் சத்தத்தில் நிற்பவர்களுக்கு அந்தப் பத்து நிமிட மௌனமே ஒரு விருந்து.

மாலை ஆறு மணி

ஆறு மணிக்குக் கடற்கரைச் சாலையின் இரு முனைகளிலும் தடுப்பு வைத்துவிடுவார்கள். அதன் பிறகு மறுநாள் காலை வரை மோட்டார் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் நீளச் சாலை முழுவதும் நடப்பவர்களுக்குச் சொந்தம். இதற்கு டிக்கெட் கிடையாது; சாலை நடுவிலேயே நடக்கலாம். ஹாரன் சத்தத்துக்குப் பழகிய காதுகளுக்கு முதலில் எதையோ மறந்துவிட்டது போல இருக்கும். பிறகுதான் கேட்பது அலை என்று புரியும். காற்று வாங்க வந்தவர்களுக்கு நடுவே, சிவப்புத் தொப்பி அணிந்த போலீஸ்காரர் நிற்பார். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன தொப்பி அது.

வடக்கு முனையில் தலைமைச் செயலகம். தெற்கு முனையில் டூப்ளே சிலை. 1742 முதல் 1754 வரை கவர்னராக இருந்து, இந்தியாவையே பிரெஞ்சு ஆட்சிக்குள் கொண்டுவரக் கனவு கண்டவர் டூப்ளே. நடுநாயகமாக நிற்பவர் காந்தி. அவரைச் சுற்றி நிற்கும் எட்டுத் தூண்களே செஞ்சித் தூண்கள் என்று சொல்லப்படுபவை. ராஜாக்களின் கல், பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், கடைசியில் காந்திக்குக் காவல் நிற்கிறது.

அருகிலே பழைய கலங்கரை விளக்கம். 1836-இல் ஏற்றப்பட்டு, 1979 வரை கப்பல்களுக்கு வழி காட்டியது. கொஞ்ச தூரத்தில் வெள்ளைத் தூண்களோடு முதல் உலகப்போர் நினைவுச் சின்னம். பிரெஞ்சுக் கொடிக்காக உயிர்விட்ட இந்த மண்ணின் வீரர்களுக்காக 1938-இல் திறக்கப்பட்டது. பிழைப்புக்காகப் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோன் வரை போன புதுவைத் தமிழர்கள் உண்டு. ஊரில் அவர்களுக்குச் ‘சொல்தா’ என்று பெயர். ஊரை விட்டுப் பிழைக்கப் போவது நேற்று வந்த பழக்கம் அல்ல.

மேரி கட்டடத்தையும் பார்க்கவேண்டும். அந்தக்கால நகர மன்றம். 2014 நவம்பரில் மழையில் இடிந்து விழுந்தது. பழைய உருவத்திலேயே மறுபடி எழுப்பி 2021-இல் திறந்தார்கள். விளக்குப் போட்ட பிறகு அதன் அழகு தனி.

மணல் எங்கே போயிற்று?

மெரீனாவைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு ஓர் ஏமாற்றம் உண்டு. சாலையை ஒட்டி மணல் இல்லை. கறுப்புப் பாறைகள் கொட்டிக் கிடக்கின்றன. ஒரு காலத்தில் இங்கேயும் அகன்ற மணல் இருந்தது.

இந்தக் கரையோரம் மணல் சும்மா கிடப்பதில்லை. தென்மேற்குப் பருவக் காற்றின் மாதங்களில் அலைகள் அதை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவத்தில் கொஞ்சம் தெற்கே திருப்பும். மொத்தக் கணக்கில் போக்கு வடக்குத்தான். 1980-களின் கடைசியில் ஊருக்குத் தெற்கே துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர்கள் நீட்டப்பட்டன. வடக்கே போகவேண்டிய மணல் அங்கேயே தடுக்கப்பட்டது. வடக்கே கரையைக் கடல் தின்றது. சாலையைக் காப்பாற்றப் பாறைகளைக் கொட்டினார்கள். இன்னும் வடக்கே இருந்த மீனவர் குப்பங்கள் வீடுகளை இழந்தன.

பின்னர் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் திட்டப்படி, தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் ஒரு செயற்கைத் திட்டு வைத்தார்கள். 2019 வாக்கில் அங்கே மறுபடி மணல் சேர்ந்தது. குழந்தைகள் விளையாடுவது அந்தப் பக்கம்தான். ஆனால் நீந்த இறங்கக்கூடாது. கடல் இழுவை பொல்லாதது. பாறை மேல் ஏறிப் படம் எடுப்பதும் ஆபத்து, பாசி வழுக்கும்.

இந்த மாலை எப்படி வந்தது?

கடற்கரையிலிருந்து சற்றுத் தெற்கே, ரயில் பாதைக்கு அப்பால், கடலூர் சாலை. உல்லாசப் பயணிகள் அந்தப் பக்கம் போவதில்லை. சவானா, ரோடியர், கெப்ளே என்று மூன்று பஞ்சாலைகள் ஒரு காலத்தில் இந்த ஊருக்குச் சோறு போட்டன. இந்தியத் துணியை ஏற்றிக்கொண்டு கப்பல்கள் பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளுக்குப் போயின. ஆலைக்குள் ஆண்களும் பெண்களும் சிறுவர்களும் நாளொன்றுக்குப் பத்து மணிக்கு மேல் வேலை செய்தார்கள். சங்கம் வைக்க உரிமை இல்லை. மாலை நேரம் என்ற ஒன்று அவர்களுக்குக் கிடையாது. இந்தக் கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும் காற்று வாங்க நேரம் இல்லை.

வ. சுப்பையா முதலானோர் தலைமையில் தொழிலாளர்கள் திரண்டார்கள். 1936 ஜூலையில் வேலைநிறுத்தம். ஜூலை 30 அன்று பிரெஞ்சுப் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. 12 தொழிலாளர்கள் மாண்டார்கள்.

செய்தி பாரீஸ் வரை எட்டியது. அப்போது பிரான்சில் சோஷலிஸ்டுகள் தலைமையில் மக்கள் முன்னணி அரசு நடந்தது. 1937-இல் பிரெஞ்சு இந்தியாவுக்குத் தொழிலாளர் சட்டம் வந்தது. எட்டு மணி நேர வேலை, சங்கம் வைக்கும் உரிமை. எல்லைக்கு இப்பால் பிரிட்டிஷ் இந்தியாவில் 1934-ஆம் ஆண்டுச் சட்டப்படி அப்போது நாளுக்குப் பத்து மணி, வாரத்துக்கு 54 மணி. ஒரு வாய்க்கால், ஒரு சுங்கச்சாவடி தள்ளி இருந்தவனுக்கு இல்லாத மாலை, புதுவை ஆலைத் தொழிலாளிக்குக் கிடைத்தது. வாரம் 48 மணி என்பது இந்தியாவின் மற்றப் பகுதிகளுக்கு வந்தது, சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில்தான்.

இது பழங்கதை மட்டும் அல்ல. 2023-இல் கர்நாடகம் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, வாரம் 48 மணி என்ற கணக்குக்குள் ஒருநாள் வேலையை இடைவேளை உட்பட 12 மணி வரை நீட்ட வழி செய்தது. மூன்று மாதத்துக்கு 75 மணியாக இருந்த ஓவர்டைம் வரம்பையும் 144 ஆக்கியது. அதே ஆண்டு ஏப்ரலில் தமிழ்நாடு சட்டசபையிலும் அதுபோன்ற மசோதா நிறைவேறியது. சங்கங்கள் எதிர்க்கவே, மே தினத்தன்று வாபஸ் என்று முதலமைச்சர் அறிவித்தார். வாரக் கணக்கு மாறவில்லையே என்பார்கள். பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்த்து, ஒரு மணி நேரம் பஸ்ஸில் தொங்கி வருகிறவனுக்கு, அன்றைய மாலை எங்கே போயிற்று என்பது தெரியும். ஓவர்டைம் பணம் ஊருக்கு மணியார்டராகப் போன காலம் போய், செல்போனில் போகிறது. பணம் வேண்டியதுதான். ஆனால் கூட்டிக் கழித்துப் பார்க்கையில் மாலையையும் ஒரு கணக்காக எழுத வேண்டும்.

அந்த ஆலைகள் இன்று ஓடவில்லை. ரோடியர் ஆலை ஏ.எப்.டி. என்ற பெயரில் அரசு வசம் நடந்து, 2020-இல் மூடப்பட்டது. ஆலையை நம்பியிருந்த குடும்பத்துப் பிள்ளைகளும் வேலை தேடி வெளியூர் போனார்கள்.

செலவும் எச்சரிக்கையும்

ஒயிட் டவுன் ஓட்டல்களில் உட்காருமுன் விலைப் பட்டியலைப் பார்ப்பது நல்லது. வாய்க்காலைத் தாண்டித் தமிழர் பக்கம் வந்தால் சாதாரண மெஸ்களும் டிபன் கடைகளும் உண்டு. கடற்கரையில் சுண்டலும் பஜ்ஜியும் சுடச்சுடக் கிடைக்கும். இரவு தங்க, பஸ் நிலையத்தை ஒட்டிய லாட்ஜுகள் போதும். ஆசிரம விடுதிகளில் தங்குவோர் மது, புகை இரண்டையும் மறக்கவேண்டும். இரவு குறித்த நேரத்தில் கதவையும் அடைத்துவிடுவார்கள். ஞாயிறு தங்குகிறவர்கள் காந்தி வீதிச் சந்தையை விடக்கூடாது. வாரம் ஒருநாள் வீதியோரம் முழுக்கத் துணியும் சாமானும் குவியும். பேரம் பேசத் தெரிந்தவருக்கு லாபம்.

மதுவைப் பற்றி ஒரு வார்த்தை. புதுச்சேரியில் விலை மலிவு என்று அதற்காகவே போகிறவர்கள் உண்டு. பாட்டிலைப் பையில் வைத்துக்கொண்டு தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டினால் சோதனைச் சாவடியில் கேஸ் ஆகிவிடும். வழியெல்லாம் தமிழ்நாடுதான். ஒரு மாலைக்காக வந்தவர் வேலையையே இழக்கும்படி ஆகலாம்.

வாரம் ஆறு நாள் வேலை செய்பவர்கள் சனி இரவு ஏறினால், ஞாயிறு முழுவதும் ஊரில் இருந்துவிட்டு, கடற்கரையில் எட்டு மணி வரை காற்று வாங்கி, இரவு பஸ் பிடிக்கலாம். திங்கள் முதல் ஷிப்டு உள்ளவர்கள் இன்னும் கொஞ்சம் முன்னதாகவே கிளம்பவேண்டும்.

ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 30 அன்று புதுவையில் தொழிற்சங்கங்கள் ஆலைத் தியாகிகளுக்கு அஞ்சலி செலுத்துகின்றன. அந்தச் சமயத்தில் போகிறவர்கள் கடலூர் சாலைப் பக்கமும் ஒரு நடை போய், அந்தப் பன்னிரண்டு பேரை நினைத்து ஒரு நிமிடம் நின்றுவிட்டு வரலாம். அதற்கும் காசு வேண்டாம். ஆறு மணிக்குள் கடற்கரைக்குத் திரும்பிவிடலாம்.